முக்கை நகர்த்திய தீர்மானம்

எங்கள் ஊரில் விளையாட்டுக்கும் சாவுக்கும் ஒரே கொட்டகை. வெளியூரிலிருந்து ஆட வருகிற அணிகள் முதலில் இதை நம்புவதில்லை. காற்று திசை மாறியதும் நம்பிவிடுவார்கள்.

நான் இந்த ஊர்ப் பள்ளியின் உடற்கல்வி ஆசிரியை. பாளையங்கோட்டைக்காரி. அம்பாசமுத்திரத்துக்குக் கிழக்கே, தாமிரபரணிக் கரையில் இருக்கும் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்த வருடம்தான் பள்ளி மைதானத்தில் புது வகுப்பறைகள் கட்டினார்கள். கட்டடம் அழகாக இருந்தது. மைதானம்தான் இல்லாமல் போனது. என்னிடம் இருந்ததோ பெண்கள் கைப்பந்து அணி ஒன்று. வட்டார அளவில் ஜெயித்து மாவட்டப் போட்டிக்குத் தேர்வான அணி. அந்தப் பிள்ளைகள் தெருவில் ஆடினார்கள். பந்து வாறுகால் சாக்கடையில் விழுந்தது, வடை சுடும் சட்டிக்குப் பக்கத்தில் விழுந்தது, ஒருநாள் பஸ் ஜன்னல் வழியாகப் புகுந்து அம்பாசமுத்திரம் போய்விட்டது. எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஒரு ஆடுகளம் இல்லாமல் இவர்களை எப்படி மாவட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போவது என்ற கோபம் அந்த வருடம் முழுவதும் இறங்கவே இல்லை.

அப்போதுதான் கிராமங்களில் விளையாட்டு வசதி செய்யப் பணம் வருகிறது, கிராம சபையில் தீர்மானம் போட்டால் போதும் என்று செய்தி வந்தது. என் பெண்களைக் காட்டித்தான் மனுவே எழுதினோம். ஊர்ப் பெயர் சொல்லும் பிள்ளைகள், இன்னும் என்னென்னவோ. கூட்டத்துக்குப் போகும்போது எனக்குக் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. விளையாட்டுக்கு வந்த பணத்தை வேறு எதற்குக் கேட்கப் போகிறார்கள் என்று நினைத்தேன்.

சுடுகாட்டுக்குக் கேட்டார்கள்.

கேட்டவர் நூல் மில்லில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எல்லோருக்கும் அவர் மில் அண்ணாச்சி. ஆற்றங்கரைச் சுடுகாட்டில் ஒதுங்க ஒரு கூரை இல்லை, உட்கார ஒரு திண்டு இல்லை, ஒரு சாவுக்குப் போய்வந்தால் வெயிலில் இன்னொரு சாவு விழும் என்பது அவர் வழக்கு.

"விளையாடுதது நாலு பிள்ளைக. சாவுதது எல்லாரும். எதுக்குவே செலவழிக்கணும்? நீரே சொல்லும்" என்று பக்கத்தில் இருந்தவரைப் பார்த்துக் கேட்டார். பக்கத்தில் இருந்தவர் பதறிப்போனார்.

நான் எழுந்தேன். "ஒருத்தரு ஒரு தரந்தான அண்ணாச்சி சாவுதாரு? பிள்ளைக தெனமும்லா விளையாடுது" என்றேன்.

"ஒரு தரந்தான் சாவுதோம். அதையாவது நெழல்ல சாவக் கூடாதா டீச்சர்?"

"சாவுதது வீட்டுலதானவே? அங்கன எரிக்கதுதான?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. பேச்சு திசை மாறிவிட்டது. நிழல் தேவைப்படுவது செத்தவருக்கா, தூக்கிப் போகிறவர்களுக்கா என்று அரை மணிநேரம் சண்டை. செத்தவருக்கு வெயில் தெரியாது என்று ஒரு கட்சி. எரியப் போகிறவருக்கு வெயிலைப் பற்றி என்ன என்று அதே கட்சியில் ஒரு பிரிவு. எங்கள் பஞ்சாயத்துத் தலைவர் அரிசி ஆலை வைத்திருக்கிறவர். யார் பேசினாலும் தலையாட்டுவார். அன்றைக்கு ஆட்டிய ஆட்டில் அவர் கழுத்துக்கு எண்ணெய் போட வேண்டியிருந்திருக்கும்.

கடைசியில் அவரே வழி கண்டுபிடித்தார். ஊரில் மிச்சமிருக்கும் புறம்போக்கு நிலம், சுடுகாட்டை ஒட்டிய திடல் மட்டும்தான். ஆடுகளம் எப்படியும் அங்கேதான் வரும். ஆடுகளம் என்றால் பார்வையாளர் கேலரி உண்டு. கேலரி என்றால் கூரை உண்டு. படிகளை இரண்டு பக்கமும் கட்டிவிட்டால் ஒரு பக்கம் ஆட்டம் பார்க்கலாம், மறுபக்கம் சிதை வேலை முடியும்வரை காத்திருக்கலாம். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. வேலையைப் பார்க்க வந்த அதிகாரி கேலரியின் முதுகுப் பக்கம் எதற்குப் படி என்று கேட்டாராம். எதிர் அணி ஆதரவாளர்களுக்கு என்று தலைவர் சொன்னாராம். அதிகாரி எதிர்ப்புறம் பார்த்தபோது அங்கே எரிமேடை இருந்திருக்கிறது. மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லையாம்.

கட்டி முடித்ததும் முதலில் பையன்கள்தான் இறங்கினார்கள்; நடந்ததை அவர்கள் சொல்லித்தான் கேட்டேன். ஒரு சாவு வந்தது. ஆட்டத்தை நிறுத்திவிட்டு ஓரமாக நின்று, பாடை போனபின் தொடர்ந்தார்கள். சாவுக்கு வந்த ஆண்கள் பின்பக்கப் படியில் அமர்ந்தார்கள். கட்டை அடுக்கி, சடங்கு முடிப்பதற்குள் பாதிப் பேர் உச்சிப்படிக்கு ஏறி இந்தப் பக்கம் திரும்பிவிட்டார்கள். கொட்டுக்காரர்கள் ஒவ்வொரு புள்ளிக்கும் ஒரு தட்டுத் தட்டினார்கள். இறந்தவரின் மைத்துனர், பந்து கோட்டுக்கு வெளியேதான் விழுந்தது என்று நடுவரோடு மல்லுக்கு நின்றார். அவரைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சடங்குக்கு உட்கார வைத்தார்கள்.

அடுத்த வாரம் நான் என் பெண்களைக் கூட்டிக்கொண்டு வலையும் பந்துமாகப் புறப்பட்டேன். ஊர் முடிகிற தெருமுனையில், டீக்கடைப் பூவரச மரத்தடியில் நிறுத்திவிட்டார்கள்.

"டீச்சர், பொம்பளைப் பிள்ளைக இந்த முக்குக்கு அங்கிட்டு போகப்படாது" என்றார் டீக்கடைக்காரர்.

எனக்கு முதலில் விளங்கவில்லை. நான் கிறிஸ்தவ வீட்டுப் பெண். எங்களில் பெண்கள் கல்லறைத் தோட்டம் வரை போவோம், குழிக்குள் ஒரு கைப்பிடி மண்ணும் போடுவோம். இங்கே அப்படியில்லை. பாடையின் பின்னால் பெண்கள் அந்த முக்கு வரை மாரடித்துக்கொண்டு வருவார்கள். அங்கிருந்து திரும்பிவிட வேண்டும். அதற்கப்பால் சுடுகாட்டுக் கணக்கு. ஆடுகளம் முக்குக்கு அப்பால் இருந்தது. யார் பெயரைச் சொல்லிப் பணம் வாங்கினோமோ அவர்கள் மட்டும் கால் வைக்க முடியாத இடத்தில் கட்டிவிட்டோம். இத்தனை பேர் இத்தனை நேரம் சண்டை போட்டதில் ஒருவருக்குக்கூட இது தோன்றவில்லை. எனக்கும்தான் தெரிந்திருக்கவில்லை, ஆனால் கோபத்தில் அதை நான் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. முக்கில் நின்று ஊதலை ஊது ஊதென்று ஊதினேன். டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்து நின்றார்கள், மரியாதைக்கா பயத்துக்கா தெரியவில்லை.

மறுபடி கிராம சபை. மாவட்டப் போட்டி நெருங்கிக்கொண்டிருந்தது. ஆடுகளத்தை இடம் மாற்றலாமா என்றார்கள். சிமெண்டைச் சுருட்டி எடுத்துப் போக முடியாது. சுடுகாட்டை மாற்றலாமா என்றார்கள். அங்கே இருக்கிறவர்களுக்கு ஆட்சேபணை இருக்காது, ஆறுதான் கூட வராது. வயதுக்கு வராத பிள்ளைகள் போகலாம், வந்தவர்கள் கூடாது என்று ஒருவர் சொன்னார். யார் வந்தவர், யார் வராதவர் என்று வாசலில் நின்று நீர்தான் விசாரிப்பீரா என்று நான் கேட்டதும் அவர் தண்ணீர் குடிக்க வெளியே போனார். திரும்பி வரவில்லை.

மில் அண்ணாச்சிதான் முடித்துவைத்தார். தனக்குக் கூரை கிடைத்துவிட்ட திருப்தியில் அன்று அவர் தாராளமாக இருந்தார்.

"முக்குன்னா என்னவே? பொம்பளைக திரும்புத எடம். அவ்வளவுதான? அவுக கொஞ்சம் தள்ளிப் போய்த் திரும்பட்டும். முக்கு தன்னால அங்கிட்டு போயிரும்லா" என்றார்.

சபை மலைத்துப்போனது. இத்தனை எளிய விஷயமா? அன்றே தீர்மானம் எழுதினார்கள்: இனிமேல் பெண்கள் டீக்கடையில் அல்ல, கேலரிக்கும் எரிமேடைக்கும் நடுவில் திரும்புவார்கள். அந்த இடத்தில் ஒரு கல் நட்டு வெள்ளையடித்தார்கள். டீக்கடைக்காரர் மட்டும், திரும்புகிற பெண்கள் தன் கடையில்தான் முகம் கழுவி டீ குடிப்பது வழக்கம், முக்குப் போனால் வியாபாரம் போகும் என்று அழாத குறையாகச் சொன்னார். கல்லுக்குப் பக்கத்தில் வேண்டுமானால் கடை போட்டுக்கொள்ளும் என்றார்கள். அவர் அதற்கு ஒப்பவில்லை.

நான் ஒன்று சொல்ல வேண்டும். அந்தத் தீர்மானத்தைப் போடும்போது எல்லோர் கண்முன்னும் இருந்தது பந்து மட்டும்தான். அடுத்த சாவு எப்படிப் போகும் என்று ஒருவரும் ஓட்டிப் பார்க்கவில்லை.

என் பெண்கள் தினமும் மாலை ஆடினார்கள். ஆற்றுக்காற்று, நிழல், உட்காரப் படி. விஷயம் பரவி, பீடி சுற்றுகிற பெண்கள் மடியில் முறம்போன்ற சுளவோடு வந்து கேலரியில் உட்கார ஆரம்பித்தார்கள். இலையும் தூளுமாகக் கை தன்பாட்டில் சுற்றும். கண் பந்தோடு போகும். அவர்களில் மில் அண்ணாச்சியின் மனைவியும் ஒருத்தி. அவர் ஊருக்கே அண்ணாச்சி என்பதால் அவள் ஊருக்கே மதினி. பத்தே நாளில் ஆட்டத்தின் சட்டமெல்லாம் கற்றுக்கொண்டாள். வலையில் கை பட்டதை நான் பார்க்காமல் விட்டால் போதும், "டீச்சர், நீங்க எங்கன பார்த்துக்கிட்டு நிக்கேங்க?" என்று கேலரியிலிருந்து குரல் வரும். என் பெண்களுக்கு முன்னால் என்னை அப்படிக் கேட்டவர் அதற்கு முன் யாருமில்லை.

அண்ணாச்சியும் வருவார். ஆனால் விளையாட்டுக்குப் பணம் செலவழிப்பதை எதிர்த்துப் பேசியவர் ஆட்டம் பார்த்தால் ஊர் சிரிக்காதா? அதனால் பின்பக்கப் படியில், சுடுகாட்டைப் பார்த்து, பேப்பரை விரித்துக்கொண்டு உட்காருவார். புருஷனும் பெண்டாட்டியும் முதுகோடு முதுகாக. நடுவில் உச்சிப்படி.

"யாரு முன்னால இருக்கா?" என்று எரிமேடையைப் பார்த்துக் கேட்பார்.

"ஒங்களுக்கு எதுக்கு? பேப்பரைப் படிங்க" என்பாள் அவள். கொஞ்ச நேரம் கழித்து, "பெரியவளுகட்ட சின்னவளுக தோக்கப் போறாளுக" என்று பொதுவாகச் சொல்வாள். மறுபக்கம் பேப்பர் திருப்புகிற சத்தம் கேட்கும். எனக்கு அந்த இருவரையும் பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வரும்.

ஒருநாள் காலை, சாப்பிட உட்கார்ந்த அண்ணாச்சி அப்படியே சாய்ந்துவிட்டார். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகக்கூட நேரம் கொடுக்கவில்லை.

நானும் போனேன். கொட்டு முன்னால் போக, பெண்கள் வழக்கம்போலப் பின்னால் வந்தார்கள். டீக்கடை முக்கில் பழக்கத்தில் பாதிப் பேர் நின்றார்கள். தலைவர்தான், "இங்கன இல்ல, இப்பம் கல்லு வரைக்கும் போகலாம்" என்று நினைவுபடுத்தினார். தீர்மானத்தை மதிக்கிறவர். எல்லோரும் நடந்தோம். ஆடுகளம் வந்தது, கேலரி வந்தது, வெள்ளைக் கல் வந்தது. பாடை கல்லைத் தாண்டியது. பெண்கள் நின்றார்கள். இனித் திரும்ப வேண்டும்.

மதினி திரும்பினாள். திரும்பி, கேலரியின் பின்பக்கப் படியில் ஏறி, அவர் தினமும் பேப்பர் படிக்கிற இடத்தில் உட்கார்ந்தாள்.

மற்றப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு ஒவ்வொருத்தியாக ஏறினார்கள். கேலரி நிறைந்தது. எரிமேடைப் பக்கம் ஆண்கள் வாய் பிளந்து நின்றார்கள். விரட்ட வழியில்லை, கேலரி கல்லுக்கு இந்தப் பக்கம். சட்டப்படி எல்லாம் சரி. இந்தச் சட்டத்தைச் சொன்ன மனிதரோ பாடையில் இருந்தார்.

இத்தனை காலமாக ஆண்கள் தங்களுக்குள் செய்துவந்த காரியத்தை அன்று பெண்கள் முன்னால் செய்ய வேண்டியிருந்தது. போன் பேசிக்கொண்டிருந்த ஒருவர் அதைச் சட்டைக்குள் போட்டார். வெற்றிலை போட்டவர் துப்ப இடம் தேடினார். மகன் தோளில் பானையோடு சுற்றி வந்தபோது, "ஏலே, இடது தோளு, இடது தோளு" என்று அவனுடைய சித்தி சத்தம் போட்டாள். பின்னால் யாரோ, "வரட்டி காணாது, இன்னும் வைக்கச் சொல்லுங்கட்டி" என்றாள். மைதானத்தில் பயிற்சியாளர்கள் கத்துவதைப் பார்த்திருக்கிறேன். இது அதைவிட ஒழுங்காக இருந்தது.

கால்மேல் கட்டையைத் தூக்கி வைக்கப்போனபோது மதினி எழுந்து நின்றுவிட்டாள்.

"பைய வைங்கலே! அவியளுக்கு அந்த முட்டு மடங்காது!"

கட்டையைத் தூக்கியவர்கள் அப்படியே நின்றார்கள். பிறகு, சொன்னால் நம்பமாட்டீர்கள், பையத்தான் வைத்தார்கள். ஒருவர் கட்டையை முட்டிலிருந்து கொஞ்சம் தள்ளிக்கூட வைத்தார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்து, எதை அடக்குவது என்று தெரியாமல், கழுத்தில் எப்போதும் கிடக்கும் ஊதலைப் பல்லில் கடித்துக்கொண்டேன்.

தீ வைத்தவுடன் ஆண்கள் திரும்பிப் பார்க்காமல் ஆற்றுக்குப் போய்விட்டார்கள். அதுதான் முறை. பெண்களுக்கு அங்கே முறை எதுவும் கிடையாது, யாரும் ஏற்படுத்தியிருக்கவில்லை. மதினி தீ அமரும்வரை உட்கார்ந்திருந்தாள். நாங்களும் கூட இருந்தோம்.

ஊர் கொதித்தது. இது என்ன கூத்து, சாவுவீட்டுப் பொம்பளைகள் வரிசையாக உட்கார்ந்து வேடிக்கை பார்ப்பதா, நிம்மதியாகக் கட்டை அடுக்க முடியவில்லை என்று ஆண்கள் தலைவரை நச்சரித்தார்கள். கல்லைப் பிடுங்கி, முக்கைப் பழையபடி டீக்கடைக்கே கொண்டுவர வேண்டும் என்று அடுத்த கிராம சபைக்கு விஷயம் வந்தது. டீக்கடைக்காரர் அன்று எல்லோருக்கும் இலவசமாக டீ கொடுத்தார்.

முக்குத் திரும்பி வந்தால் என் பெண்கள் மறுபடி தெருவுக்குப் போக வேண்டும். மாவட்டப் போட்டிக்கு ஒரு வாரம்தான் இருந்தது. பேச வேண்டியதையெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு, பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போனேன். உள்ளே நுழைந்தால் நிற்க இடமில்லை. பெண்கள். பீடிச் சுளவோடு தரையெல்லாம் பெண்கள். எங்கள் கிராம சபையில் நான் அதுவரை பார்த்த பெண்களை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

மதினியும் இருந்தாள். பதினாறாம் நாள் காரியம் முடிந்து சில நாட்களே ஆகியிருந்தன. அவள் வெளியே வந்ததே சிலருக்குப் பிடிக்கவில்லை.

தீர்மானம் வாசித்தார்கள். நான் எழுந்திருக்குமுன் பெரியவர் ஒருவர் அவளைப் பார்த்தே கேட்டுவிட்டார். "ஏன் மதினி, வழக்கம்னு ஒண்ணு இருக்குல்லா? அங்கன அப்படிப் பார்க்கதுக்கு என்ன இருக்கு? பார்த்து என்ன கண்டீங்க?"

கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார்.

அவள் சுளவைக் கீழே வைத்துவிட்டு எழுந்தாள். பேசிப் பழக்கமில்லாததால் தலைவரையும் பார்க்கவில்லை, கேட்டவரையும் பார்க்கவில்லை.

"எங்க அம்மைய எடுத்துக்கிட்டு போனப்பம் டீக்கட முக்குல திரும்பிட்டேன். அதுக்கப்புறம் என்ன நடந்துச்சுன்னு எனக்குத் தெரியாது. இன்னைக்கும் அந்த முக்கத் தாண்டுனா அவ அங்கன நிக்குத மாதிரியே இருக்கு. என்னட்டி என்னய விட்டுட்டுப் போறியான்னு கேக்குத மாதிரி இருக்கு. கடைக்குப் போறப்பம்லாம் சுத்திக்கிட்டுதான் போவேன்."

கூடத்தில் பீடி சுற்றுகிற கைகள் நின்றிருந்தன.

"இவிய எங்கனயும் நிக்கல. போயிட்டாவ. நான் பார்த்தேன்" என்றாள். சுளவை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.

நான் மனப்பாடம் செய்ததற்கு அங்கே வேலை இருக்கவில்லை. கேள்வி கேட்ட பெரியவர் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். தலைவர் தலையாட்டவில்லை, அவர் அசையாமல் இருந்து நான் பார்த்தது அன்று ஒருநாள்தான். கல்லைப் பிடுங்கும் தீர்மானத்தை அப்படியே விட்டுவிட்டு எழுத்தரிடம், அடுத்த பொருளை வாசியும் என்றார். அடுத்த பொருள் வாறுகால் அடைப்பு.

கூட்டம் முடிந்து நாங்கள் நேரே திடலுக்குப் போய் வலையைக் கட்டினோம். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.